ப்ராணாயாமமும் மன அமைதியும்

அர்ஜுனனுக்கு நேர்ந்தது

பாரதப் போர் தொடங்கும் வேளையில், இரு சேனைகளுக்கும் நடுவே தேரை நிறுத்துமாறு கண்ணனிடம் கேட்டுக்கொண்டவன் அர்ஜுனன். அவன் போரறியாதவன் அல்லன். அஞ்சி ஒடுங்கும் இயல்பினனும் அல்லன். விராட நகரின் எல்லையில் கௌரவ சேனையைத் தனியொருவனாய் நின்று வென்றவன். அத்தகைய வீரன், எதிரே நிற்பவர் தன் பாட்டனாரும் ஆசாரியருமே என்று கண்ட அக்கணத்தில் என்ன ஆனான் என்பதைக் கீதையின் முதல் அத்தியாயம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றது. அவயவங்கள் தளர்ந்தன, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கிற்று, மயிர் சிலிர்த்தது, காண்டீவம் கையினின்று நழுவிற்று, தோல் எரிந்தது, நிற்க இயலாமற் போயிற்று, மனம் சுழன்றது.

இன்று மருத்துவரிடம் சென்று, மன அழுத்தம் மிகுந்தால் உடலில் தோன்றும் குறிகள் யாவை என்று கேட்பவருக்கு, அவரும் ஏறத்தாழ இப்பட்டியலையே சொல்லக்கூடும். காலம் மாறினும் மனித உடல் மாறவில்லை. குருக்ஷேத்திரத்தில் வில்லேந்தியவனுக்கு நேர்ந்ததே, துறைமுகத்தின் வாயிலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் சரக்கு லாரி ஓட்டுநருக்கும், புயற்செய்தி கேட்டும் திரும்பாத படகை எதிர்நோக்கிக் கரையில் நிற்கும் மனைவிக்கும், தேர்வுக்கூடத்தின் வாயிலில் நிற்கும் மாணவனுக்கும் நேர்கின்றது. கலக்கம் ஒருவனை இழிவுபடுத்துவதாயின், எம்பெருமான் தன் தேரில் அர்ஜுனனை வைத்துக்கொண்டிருப்பானோ? கலங்குதல் குற்றமன்று, கலக்கத்திலேயே தங்கிவிடுதலே கேடு. அதினின்று மீளுதற்குச் சாஸ்த்ரம் காட்டும் சாதனங்களுள் ஒன்று ப்ராணாயாமம். அதன் பொருளையும் முறையையும் எல்லையையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

மனத்திற்கும் மூச்சிற்கும் உள்ள உறவு

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு ஓர் உவமை கூறுகிறார். நூலாற் கட்டப்பட்ட பறவை திசைதோறும் பறந்து திரிந்து, வேறெங்கும் தங்க இடம் காணாமல், கட்டிய இடத்திற்கே திரும்புவது போல, மனமும் அலைந்தலைந்து இறுதியில் ப்ராணனையே பற்றி நிற்கின்றது என்பது அதன் கருத்து. மனமாகிய பறவையைப் பிடிக்க ஓடுபவன் களைத்துப் போவான். நூலைப் பிடித்தவனோ இருந்த இடத்திலேயே பறவையைத் தன்னருகே வரச் செய்வான். அந்த நூலே மூச்சு.

அதே உபநிஷத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், வாக்கும் கண்ணும் செவியும் மனமும் ப்ராணனும் தத்தம் பெருமை பற்றி வாதிட்ட கதை வருகின்றது. ஒவ்வொன்றும் ஓராண்டுக் காலம் உடலை விட்டு நீங்கிப் பார்த்தது. வாக்கு நீங்கியபோது உடல் ஊமையாய் வாழ்ந்தது. கண் நீங்கியபோது குருடாய் வாழ்ந்தது. செவி நீங்கியபோது செவிடாய் வாழ்ந்தது. ப்ராணன் புறப்படத் தொடங்கியதோ இல்லையோ, கட்டுத்தறிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குதிரையைப் போல மற்றெல்லாவற்றையும் தன்னோடு இழுத்தது. உடனே அவை அனைத்தும் அதனைப் பணிந்தன.

பதஞ்சலி முனிவர் யோகஸூத்ரத்தின் முதற்பாதத்தில், சிதறிய சித்தத்தின் துணைகளாக நான்கினைச் சொல்கிறார்: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. மூச்சுக் கெடுதலை மனக்கேட்டின் அடையாளமாகவே அவர் வைத்திருப்பது கருதத்தக்கது. இதற்கு மருந்து கூறும் இடத்தில், முதலில் இன்புற்றவரிடம் நட்பும், துன்புற்றவரிடம் கருணையும், நல்லோரைக் கண்டு மகிழ்ச்சியும், தீயோரிடம் பற்றின்மையும் வேண்டும் என்று விதிக்கிறார். அதனை அடுத்தே மூச்சை வெளியே விடுதலையும் நிறுத்துதலையும் மற்றொரு வழியாகக் காட்டுகிறார். அண்டை வீட்டானிடம் பகை பாராட்டிக்கொண்டே மூக்கைப் பிடிப்பவன் பாதி மருந்தையே உண்பவன் ஆவான்.

கீதையிலும் நான்காம் அத்தியாயம், ப்ராணனை அபானனிலும் அபானனை ப்ராணனிலும் ஹோமம் செய்வோரை யாகம் செய்வோர் வரிசையிலேயே வைத்துப் போற்றுகின்றது. ஐந்தாம் அத்தியாயம், காமத்தாலும் கோபத்தாலும் எழும் வேகத்தை இவ்வுடல் நீங்கு முன்னரே பொறுக்க வல்லவனே யோகி என்றும் சுகமுடையவன் என்றும் கூறுகின்றது. வேகம் என்ற சொல் நுட்பமானது. கோபமே எழாது என்று பகவான் உறுதி கூறவில்லை. எழுந்த வேகத்தைத் தாங்கும் வலிமையையே கேட்கிறான். வெள்ளம் வருதலைத் தடுப்பது அணையின் வேலையன்று. வந்த வெள்ளத்தைத் தாங்கி மெல்ல விடுவதே அதன் வேலை.

உடல் நூலார் கண்டவை

இவ்வுறவை இக்கால மருத்துவ நூலும் தன் வழியில் ஆராய்ந்துள்ளது. இதயம் துடித்தல், உணவு செரித்தல், வியர்த்தல் முதலியன ஒருவன் ஏவாமலே நடைபெறுவன. நிறுத்து என்று சொன்னாலும் நில்லாதன. மூச்சோ, உறங்கும்போது தானே நடைபெறுவது. விழித்திருக்கும்போது விரும்பியவாறு நீட்டவும் குறுக்கவும் இடங்கொடுப்பது. பூட்டிய மாளிகைக்குள் நுழைய ஒரு சிறு வாயில் திறந்திருப்பது போல, தானே இயங்கும் உடலின் உள்ளே செல்ல இறைவன் வைத்த வாயில் இது எனலாம்.

உடலில் தானியங்கும் நரம்புகள் இரு பிரிவாக உள்ளன. ஒன்று ஆபத்துக் காலத்தில் உடலை முடுக்குவது. அது தூண்டப்பட்டால் அட்ரினலின் என்னும் நீர் சுரக்கின்றது, இதயம் விரைகின்றது, வாய் உலர்கின்றது, கை நடுங்குகின்றது. அர்ஜுனனுக்கு நேர்ந்தது இதுவே. மற்றொன்று ஆபத்து நீங்கியபின் உடலைத் தணிப்பது. அதில் தலையாயது மூளையினின்று இறங்கி இதயத்தையும் நுரையீரலையும் வயிற்றையும் தொடும் வேகஸ் என்னும் நரம்பு. மூச்சு உள்ளே செல்லும்போது இதயத்துடிப்புச் சற்றே விரைவதும், வெளியே வரும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்கித் துடிப்புச் சற்றே தணிவதும் இயற்கை. ஆகவே வெளிமூச்சை நீட்டுபவன், தணிக்கும் நரம்புக்கு மிகுதியான நேரம் அளிக்கிறான். பதஞ்சலி முனிவர் வெளிமூச்சை முதலில் வைத்ததன் பயன் இவ்விடத்தில் விளங்கும்.

யோக நூல்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கிடுகின்றன. ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். எனவே நிமிடத்திற்கு 15 ஆகின்றது. ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுகின்றனர் என்ற மருத்துவக் கணக்கினுள் இது அடங்குகின்றது. இயல்பான ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் காற்று உட்செல்லும். அதில் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே நின்று, நுரையீரலின் நுண்ணறைகளைச் சேராமலே திரும்பிவிடுகின்றது. பதற்றத்தில் ஒருவன் நிமிடத்திற்கு 300 மில்லி லிட்டராக 20 முறை இழுத்தால் உட்செல்வது 6 லிட்டர். அதில் 3 லிட்டர் வீண். அதே 6 லிட்டரை 600 மில்லி லிட்டராக 10 முறை இழுத்தால் வீணாவது ஒன்றரை லிட்டரே. மெல்ல ஆழ்ந்து விடுவதில் உழைப்பும் குறைவு, பயனும் மிகுதி என்பது இச்சிறு கணக்கால் தெளிவாகும்.

2001ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர்கள் பெர்னார்டி முதலியோர் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் என்னும் ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 23 பேரைக் கொண்டு, கிறிஸ்தவரின் ஜபமாலைப் பிரார்த்தனையையும் பௌத்தரின் மந்த்ரம் ஒன்றையும் ஓதச் செய்து பார்த்தனர். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 என்ற அளவிற்குத் தணிந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் திறமும் கூடியது. பெருமாள் புறப்பாட்டின்போது அத்யாபக கோஷ்டியில் பாசுரங்களைச் சேவிப்போரைக் கவனித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. உள்மூச்சு குறுகியது, பாசுரத்தின் அடி முழுவதும் நீண்ட வெளிமூச்சில் நடப்பது. ஸ்ரீபாதம் தாங்குவோர் ஒரே நடையாக அடிவைப்பதிலும், வலையிழுக்கும் மீனவர் அம்பாப் பாட்டோடு ஒரே மூச்சாகக் கயிற்றை இழுப்பதிலும் இதே ஒழுங்கு உள்ளது.

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நாள்தோறும் 5 நிமிடம் வெளிமூச்சை நீட்டிப் பயின்றோர்க்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் மனநிலை மேம்பட்டது என்று கண்டனர். மிகைப்படுத்திக் கூறுதலும் தகாது. யோகிகள் இதயத்தையே நிறுத்திவிடுவர் என்ற பேச்சை ஆராய வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய அறிஞர்கள் இந்தியாவில் பரிசோதனை நடத்தி 1961இல் முடிவை வெளியிட்டனர். நாடித்துடிப்பு மெலிந்தது உண்மை. இதயம் நின்றுவிடவில்லை என்பதே அவர்கள் கண்டது. ப்ராணாயாமத்திற்கு அற்புதங்களின் துணை வேண்டா. உள்ளபடியே அது பயனுடையது.

நாதமுனிகளும் மறைந்த யோகமும்

ஸ்ரீவைஷ்ணவ ஆசார்ய பரம்பரையில் யோகத்திற்குத் தனி இடம் உண்டு. காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த ஸ்ரீமந் நாதமுனிகள், குடந்தைப் பெருமாள் மீதான பத்துப் பாசுரங்களைக் கேட்டு, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றதும், அங்கே மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்து, நம்மாழ்வாரை யோகத்தில் ஸாக்ஷாத்கரித்து நாலாயிரத்தையும் பெற்றதும் குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு. ந்யாயதத்வம், யோகரஹஸ்யம் என்னும் நூல்களை அவர் அருளிச்செய்தார் என்பர். பாசுரங்களுக்கு இசை வகுத்த அப்பெரியவரே மஹாயோகியாகவும் விளங்கினார்.

அவர் தம் யோகரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பன் என்னும் சீடரிடம் வைத்தார். பின்னாளில் நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார் அதனைப் பெற விரும்பிச் சென்றார். தை மாதத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் வந்தால் உபதேசிப்பதாகவும், தாம் இவ்வுலகை நீங்கும் நாளும் அதுவே என்றும் குருகைக்காவலப்பன் எழுதிக் கொடுத்தனுப்பினார். ஆளவந்தாரோ பெருமாளைச் சேவிக்கத் திருவனந்தபுரம் சென்றிருந்தபோது அக்குறிப்பை எடுத்துப் பார்க்க, அன்றே அந்த நாள் என்று கண்டு, பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தினாராம். அவ்வாறு அந்த யோகம் பரம்பரையில் மறைந்தது என்று பெரியோர் ஸாதிப்பர்.

இவ்வரலாற்றில் இரு பாடங்கள் உள. ஒன்று, குருமுகமாகப் பெறவேண்டிய பயிற்சி நாள் தவறினால் மறைந்துவிடும் என்பது. மற்றொன்று, அந்த யோகம் மறைந்த பின்னரும் ஸம்ப்ரதாயம் குன்றாமல் வளர்ந்தது என்பது. எம்பெருமானார் முதலிய ஆசார்யர்கள் ப்ராணாயாமம் முதலான அஷ்டாங்கங்களை பக்தியோகத்தின் துணையாகவே கொண்டனர். உயிர் உய்வதற்கு உபாயம் மூச்சன்று. திருமகள் கேள்வனே உபாயம். மூச்சு, அவனை நினைக்கும் மனத்தைச் சிதறாமல் வைத்திருக்க உதவும் கருவியே.

சென்னையில் வாழ்ந்த ஆசிரியர்

இருபதாம் நூற்றாண்டில் இக்கருவியை மீண்டும் பலர் கையில் அளித்தவர் ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசார்யர். 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் கர்நாடகத்துச் சித்ரதுர்க்கப் பகுதியில் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த அவர், நாதமுனிகளின் வம்சத்தில் வந்தவர் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரி சென்றபோது நாதமுனிகளின் யோகரஹஸ்யம் தமக்குக் காட்சியில் அருளப்பட்டதாக அவரே கூறியுள்ளார். வேதாந்தம், மீமாம்ஸை, ந்யாயம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்த பண்டிதர் அவர். மைசூர் மன்னரின் ஆதரவில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் முதலிய பெயர்பெற்ற ஆசிரியர்கள் அங்கே அவரிடம் பயின்றவர்களே. பெண்டிர்க்கும் பிற நாட்டார்க்கும் யோகம் கற்பிக்கத் தயங்கிய அக்காலத்திலேயே, இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண்மணியையும் மாணவியாக ஏற்றார்.

1950களில் சென்னைக்குக் குடிவந்த அவர், 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் பரமபதிக்கும் வரை இந்நகரிலேயே வாழ்ந்தார். அவருடைய பெயரால் 1976இல் அவர் திருக்குமாரர் தேசிகாசார் தொடங்கிய யோக மந்திரம் சென்னையில் உள்ளது. அவர் போதித்தவற்றுள் தலையாயவை இரண்டு. ஆசனம் எதுவாயினும் மூச்சோடு இணைந்தே அசைய வேண்டும் என்பது ஒன்று. பயிற்சிக்காக மனிதன் அன்று, மனிதனுக்காகவே பயிற்சி. வயது, உடல்நிலை, தொழில், நம்பிக்கை ஆகியவற்றிற்கு ஏற்ப அது மாற வேண்டும் என்பது மற்றொன்று. கப்பலிலிருந்து சரக்கு இறக்குபவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே அளவு பொருந்தாதன்றோ?

பயிலும் முறை

ஸந்த்யாவந்தனம் செய்வோர்க்கு ப்ராணாயாமம் புதிதன்று. வ்யாஹ்ருதிகளோடும் சிரஸ்ஸோடும் கூடிய காயத்ரியை மூச்சை நிறுத்தி மும்முறை நினைப்பதே அங்கு ப்ராணாயாமம் எனப்படுகின்றது. உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் ரேசகம். ஆயின் காலப்போக்கில் பலரிடத்தில் இது விரலால் மூக்கைத் தொட்டு எடுப்பதாகவே சுருங்கிவிட்டது. மூச்சு அசையாமல் விரல் மட்டும் அசைந்தால், துடுப்புப் போடாமல் படகில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும். உபநயனமானோர் தம் ஆசிரியர் காட்டிய முறையிலேயே, அவசரமின்றி, பொருளறிந்து செய்தலே போதுமானது.

ஏனையோர்க்கும், பெண்டிர்க்கும், முதியோர்க்கும், திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர் யாவர்க்கும் உகந்ததோர் எளிய முறை உண்டு. அதற்குக் கும்பகம் வேண்டா, விரலும் வேண்டா, எம்பெருமானின் மூன்று திருநாமங்களே போதும்.

முதலாவது, முதுகு நிமிர்ந்து அமர்க. தரையில் அமர இயலாதோர் நாற்காலியில் அமரலாம். தோளும் தாடையும் இறுக்கமின்றி இருக்கட்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, பத்து மூச்சு அளவிற்கு மூச்சை மாற்றாமல் கவனிக்க.

இரண்டாவது, உள்மூச்சில் வயிறு சற்றே எழவும், வெளிமூச்சில் தாழவும் விடுக. மார்பும் தோளும் மட்டும் ஏறி இறங்கினால் மூச்சு மேலோட்டமாக உள்ளது என்று அறிக. வாயை மூடி மூக்கினாலேயே மூச்சு விடுக. மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியையும் ஓரளவு தடுக்கின்றது.

மூன்றாவது, அச்யுதா என்று மனத்தினுள் நீட்டி நினைத்துக்கொண்டே நான்கு விநாடி உள்ளிழுக்க. அநந்தா, கோவிந்தா என்று நினைத்துக்கொண்டே ஆறு விநாடி வெளிவிடுக. ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. நிமிடத்திற்கு ஆறு மூச்சு. முன்னர்க் கூறிய ஆய்வில் ஜபத்தால் அமைந்த அளவும் இதுவே. அச்யுதன் என்பவன் தன்னை அடைந்தாரை நழுவ விடாதவன்; அநந்தன் எல்லையற்றவன்; கோவிந்தன் ஆக்களைக் காப்பவன். நழுவ விடாதவனை உள்ளே ஏற்று, எல்லையற்றவனிடம் பாரத்தை விடுவதாகக் கருதிப் பயின்றால், எண்ணிக்கை தியானமாகும்.

நான்காவது, தொடக்கத்தில் ஐந்து நிமிடமே போதும். காலையிலும் மாலையிலும், வயிறு நிறைந்திராத வேளையில், நாள் தவறாமல் செய்க. நான்கும் ஆறும் கடினமாயின் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம். மூச்சு முட்டக் கூடாது, வியர்க்கக் கூடாது, போட்டி கூடாது. ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்து ஆறு நாள் விடுவதினும், நாளும் ஐந்து நிமிடம் செய்வதே மேல்.

ஐந்தாவது, கோபமோ அச்சமோ எழும் அந்த வேளைக்கு உரியது. அப்போது முதலில் உள்ளிழுக்க முயலாது, உள்ளதை மெல்ல வெளியே விடுக. பிறகு மூன்று சுற்று மட்டும் திருநாமத்தோடு மூச்சு விடுக. அதற்கு அரை நிமிடமே ஆகும். அந்த அரை நிமிடம் கழியும்வரை பேசாதிருக்க. சேவை வரிசையில் ஒருவர் முந்தியதனால் எழும் சினத்திற்கும், வீட்டில் பிள்ளைகள்மேல் ஓங்கிய கைக்கும் இதுவே மருந்து. அமைதியான நாட்களில் பயிலாதவனுக்குப் புயல் நாளில் இது கைகொடாது. நீந்தக் கற்பது வெள்ளம் வந்தபின் அன்று.

எச்சரிக்கை

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உடையோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே பயில்க. மூச்சை நிறுத்தும் கும்பகத்தையும், வேகமாக இழுத்துவிடும் பஸ்த்ரிகை முதலியவற்றையும் தாமாகச் செய்ய வேண்டா. தலைசுற்றலோ விரல் நுனிகளில் மரத்தலோ தோன்றினால் அளவுக்கு மீறி மூச்சு விடுவதாக உணர்ந்து, பயிற்சியை நிறுத்தி இயல்பாக இருக்க. உண்ணும் மருந்தையும் உறிஞ்சும் மருந்தையும் இதன்பொருட்டு விடுதல் பெரும் பிழை. சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பதற்றம் மிகுவதுண்டு. அவர்கள் கண் திறந்து, திருமேனியையோ விளக்கையோ நோக்கித் திருநாமம் சொல்லுதலே நன்று.

உறக்கமின்மையும் துயரும் வாரக்கணக்கில் நீடித்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினாலும், அது பயிற்சிக் குறைவு அன்று, பக்திக் குறைவும் அன்று, நோய். நோய்க்கு மருத்துவரை நாடுவதே சாஸ்த்ர ஸம்மதம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

தூய இடமும் எண்ணூரும்

கீதையின் ஆறாம் அத்தியாயம், யோகம் பயில்பவன் தூய்மையான இடத்தில் ஆசனத்தை அமைக்க வேண்டும் என்கின்றது. ச்வேதாச்வதர உபநிஷத்து மேலும் விரித்து, பரற்கற்களும் நெருப்பும் மணலும் இல்லாத, காற்று மோதாத சமமான இடம் வேண்டும் என்று விதிக்கின்றது. ப்ராணனை ஆராதிப்பதற்கு முன் ப்ராணன் உலவும் காற்றைத் தூயதாக்குக என்பதே இதன் உட்கருத்து.

இதனை எண்ணூர்ப் பகுதியினர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அனல் மின் நிலையங்களும், 2001இல் தொடங்கிய துறைமுகமும், ஆலைகளும் நெருங்கி அமைந்த இடம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு முகத்துவாரத்தில் பரவி மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழ்படுத்திற்று. அம்மாதம் 26ஆம் நாள் இரவு, 2004இன் ஆழிப்பேரலை நினைவு நாளிலேயே, கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, மார்கழிக் குளிரில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

அத்தகைய வேளையில் செய்யத்தக்கது ப்ராணாயாமம் அன்று. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் வழியினின்று பக்கவாட்டில் விலகி, விரைந்து வெளியேறுதலே கடமை. புகையும் தூசியும் மிகுந்த நாட்களில் ஆழ்ந்து மூச்சு விடுதல், அழுக்கை ஆழமாக உள்ளே அழைப்பதே ஆகும். ஆபத்து நீங்கிய பின்னரும் அதன் அச்சம் உடலில் தங்கும். நள்ளிரவில் ஏதேனும் ஒரு வாடை வீசினால், தாய் துணுக்குற்று எழுந்து குழந்தைகளின் மார்பில் கைவைத்துப் பார்ப்பது இயல்பே. அந்த அச்சம் கோழைத்தனம் அன்று; உடல் கற்றுக்கொண்ட பாடம். வாடை இல்லை, ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், அந்த உடலுக்கு மெல்ல வேறு பாடம் கற்பிக்க, நீண்ட வெளிமூச்சும் திருநாமமும் உதவும்.

எனினும் ஒன்றை மறத்தல் கூடாது. பொறுக்கத் தகாததைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதன்று ப்ராணாயாமம். கண்ணன் அர்ஜுனனின் நடுக்கத்தைத் தணித்தது, அவன் தேர்த்தட்டில் சாய்ந்து உறங்குவதற்காக அன்று. எழுந்து நின்று தன் கடமையைத் தெளிந்த மனத்தோடு செய்வதற்காகவே. கலங்கியவன் கூச்சலிடுவான்; தெளிந்தவன் வழக்கை எடுத்துரைப்பான். தூய காற்றைக் கேட்டு அதிகாரிகளிடம் முறையிடுவோர், பதற்றத்தோடு கேட்பதினும் அமைதியோடும் உறுதியோடும் கேட்பதே வலிமையுடையது. அந்த உறுதியை அளிப்பதும் இப்பயிற்சியின் பயனே.

நிறைவாக

மூச்சு என்றோ ஒரு நாள் நிற்பது. அந்நாளில் எண்ணவும் இயலாது, நாமம் சொல்லவும் இயலாது. அதற்கும் பூவராஹப் பெருமாள் தன் சரம ச்லோகத்தில் விடை அருளியுள்ளான்: உடல் நலமாயிருந்த காலத்தில் தன்னை நினைத்தவன், இறுதியில் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, தானே அவனை நினைத்து நற்கதி சேர்ப்பதாக உறுதி கூறுகிறான். ஆகவே இன்று விடும் ஒரு மூச்சு, அன்றைக்காக எம்பெருமானிடம் வைக்கும் சேமிப்பாகும்.

திருவிழாவில் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், ப்ரஸாதத்தோடு இம்மூன்று திருநாமங்களையும் எடுத்துச் செல்வார்களாக. வீட்டில் ஓர் இடம், நாளில் ஐந்து நிமிடம், நிமிடத்தில் ஆறு மூச்சு, இவ்வளவே தொடக்கம். தேரின் கடிவாளம் பார்த்தஸாரதியின் கையில் உள்ளது. குதிரைகள் எவ்வளவு துள்ளினும், அவன் இருக்கும் தேரில் ஏறியவர்க்கு அச்சம் நிலையாது.

சுபம்.